அரக்கு வைத்த உறை

எங்கள் பதிவாளர் அறையில் ஒரு பழைய இரும்புப் பெட்டகம் இருக்கிறது. அதன் இரண்டாவது தட்டில், முத்திரைகளுக்கும் வெற்றுப் பட்டச் சான்றிதழ்க் கட்டுகளுக்கும் பக்கத்தில், ஒரு பழுப்பு உறை. ஒட்டிய இடத்தில் அரக்கு. அரக்கின் குறுக்கே இரண்டு கையெழுத்து, தேதி. பல்கலைக்கழகத்தின் முக்கியமான சர்வர்கள், கணினிகளை இணைக்கும் வலையமைப்புச் சுவிட்சுகள் அத்தனைக்குமான பாஸ்வேர்டுகள் நான்கு பக்கத்தில் கையால் எழுதி உள்ளே இருக்கின்றன. ஜனவரியிலும் ஜூலையிலும் எல்லாவற்றையும் மாற்றிப் புது உறை வைப்போம். பழைய உறையைப் பதிவாளர் முன்னிலையில் கிழித்து எரிப்போம்.

போன மாதம் அக்கா மகன் போன் செய்தான். சென்னையில் ஒரு கம்பெனியில் இரண்டு வருஷமாக இருக்கிறான். "சித்தி, யுனிவர்சிட்டி ஒண்ணுல சிஸ்டம்ஸ் வேலைக்கு ஆள் எடுக்கிறாங்க. போகலாமா? அதுல மேல வர முடியுமா?" என்று கேட்டான். பத்து நிமிஷம் பேசிப் பார்த்தேன். சரியாகச் சொல்ல வரவில்லை. அந்த உறை ஏன் அங்கே வந்தது என்பதிலிருந்து தொடங்கினால்தான் சொல்ல முடியும் என்று அப்புறம் தோன்றியது. அதனால் எழுதுகிறேன். பல்கலைக்கழகத்தின் பெயர் வேண்டாம். தென் தமிழ்நாட்டில், நிறைய இணைவுபெற்ற கல்லூரிகள் உள்ள மாநிலப் பல்கலைக்கழகம் என்பது போதும்.

2001 ஜூனில் எம்.சி.ஏ. முடித்த கையோடு கணினி மையத்தில் புரோகிராமராகச் சேர்ந்தேன். தொகுப்பூதியம், மாதம் 5,000 ரூபாய். ஆறு மாதத்துக்கு ஒரு முறை நீட்டிப்பு ஆணை வரும். செருப்பை வெளியே விட்டுவிட்டுப் போக வேண்டிய ஏசி அறை. அகலமான டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர்கள் மதிப்பெண் பட்டியலை விடிய விடிய அடித்துக்கொண்டிருக்கும். அந்தச் சத்தம் வீட்டுக்குப் போய்ப் படுத்த பிறகும் காதில் இருக்கும்.

தேர்வு முடிவு தயாரிப்பதுதான் அன்றைக்கு எங்கள் முதல் வேலை. விடைத்தாளில் பதிவெண் இருக்கும் பகுதியைப் பிரித்துவிட்டு டம்மி எண் போட்டுத் திருத்த அனுப்புவார்கள். மதிப்பெண் டம்மி எண்ணோடுதான் எங்களிடம் வரும். ஒரே கட்டை இரண்டு பேர் தனித்தனியாக உள்ளிடுவார்கள். இரண்டும் ஒத்துப்போகாத வரிகளை மட்டும் நிரல் பிரித்துக் கொடுக்கும். அந்த வரிகளுக்கு மூலத் தாளை எடுத்துப் பார்க்க வேண்டும். கடைசியில் டம்மி எண்ணைப் பதிவெண்ணோடு சேர்ப்போம். எல்லாம் ஃபாக்ஸ்ப்ரோ என்ற பழைய தரவுத்தள மென்பொருளில். ஒரு 47 தவறி 74 ஆனால் யாரோ ஒரு பையன் தேறிவிடுவான், ஒரு 74 தவறி 47 ஆனால் யாரோ ஒரு பெண்ணுக்கு முதல் வகுப்பு போய்விடும் என்று எங்கள் சீனியர் சார் அடிக்கடி சொல்வார். அவர்தான் சிஸ்டம் அனலிஸ்ட். நான் அறிந்த கணினியில் பாதி அவர் சொல்லிக் கொடுத்தது.

இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் கிடைத்தது 1995 ஆகஸ்ட் 15 அன்று. கல்வி நிலையங்களில் அதற்கு முன்பே இருந்தது. 1986இல் மத்திய மின்னணுவியல் துறை ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு எர்நெட் என்ற கல்வி, ஆராய்ச்சி வலையமைப்பைத் தொடங்கியது. சென்னை உள்பட ஐந்து ஐ.ஐ.டி.கள், பெங்களூரு இந்திய அறிவியல் கழகம், மும்பையில் இருந்த தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையம் என்று சில இடங்களில் இருந்தவர்கள் கட்டி எழுப்பிய வலை அது. இந்த நாட்டின் முதல் இணையத்தை ஓட்டியவர்கள் கல்விக்கூட ஆட்கள். எங்கள் வேலையைப் பற்றிப் பேசும்போது இதை நான் பெருமையாகவே சொல்வேன். எங்களைப் போன்ற பல்கலைக்கழகங்களுக்கு அது பரவலாக வந்து சேர்ந்தது பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் இன்ஃபோநெட் திட்டத்தில், 2003 வாக்கில். வளாகம் முழுவதற்கும் சேர்த்து 256 கிலோபிட்தான். நூலகத்தில் ஆய்விதழ் ஒன்றின் பக்கம் திறக்கும்வரை ஆராய்ச்சி மாணவர்கள் பொறுமையாகக் காத்திருப்பார்கள். இணைப்பு அறுந்தால் முதல் போன் நூலகத்திலிருந்துதான் வரும்.

அதே 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் என்ற கணினிப் புழு வந்தது. விண்டோஸ் எக்ஸ்பி கணினியில் ஒரு பெட்டி தோன்றும், 60 நொடியில் அணையப் போகிறேன் என்று எண்ணிக் கீழே இறங்கும். மறுபடி போட்டால் மறுபடி அணையும். பதிவாளர் அலுவலகத்தில் தொடங்கி நிதிப் பிரிவு, தொலைநிலைக் கல்வி என்று பரவியது. அதைத் தடுக்கும் பேட்ச், அதாவது ஓட்டையை அடைக்கும் திருத்த மென்பொருள், ஒரு மாதத்துக்கு முன்பே வந்திருந்தது, எங்களில் யாரும் போடவில்லை. நான் பேட்சை சிடியில் எழுதிக்கொண்டு கட்டிடம் கட்டிடமாக ஓடினேன். ஓட்டமும் நடையுமாக உள்ளே போய், கறுப்புத் திரையைத் திறந்து, அணைவதை நிறுத்தும் கட்டளையைத் தட்டுவேன். 'ஷட்டவுன்', ஓர் இடைவெளி, ஒரு கோடு, 'ஏ'. பெட்டி மறையும். சுற்றி நிற்பவர்கள் மூச்சு விடுவார்கள். அப்புறம் நிதானமாகப் பேட்ச். மூன்று நாளில் இருநூறு கணினியாவது பார்த்திருப்பேன். நான்காம் நாள் துணைவேந்தர் அலுவலகத்திலிருந்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். எனக்கு வயது 25. அந்த மகிழ்ச்சியை நான் மறக்கவில்லை. பின்னாளில் என் கையைக் கட்டிப்போட்டதும் அதே மகிழ்ச்சிதான்.

வேலையின் ருசி அந்த வருஷங்களில் பிடிபட்டது. கோடை மழை இடியில் கட்டிடங்களுக்கு நடுவே ஓடிய செம்புக் கேபிள்கள் வழியாக மின்னல் பாய்ந்து சுவிட்சுகள் கருகும். அதனால்தான் கட்டிடத்துக்குக் கட்டிடம் கண்ணாடி இழைக்கு மாறினோம். செம்பு நூறு மீட்டருக்கு மேல் போகாது என்பது இன்னொரு காரணம். நெடுஞ்சாலை ஓரமாக ஜேசிபி ஒன்று எங்கள் இழையை வெட்டிய இரவில், புளிய மரத்தடியில் டார்ச் பிடித்துக்கொண்டு ஒட்டு வேலையைப் பார்த்தேன். ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு கனமுள்ள கண்ணாடி. ஒளி போவது அதன் நடுவே இருக்கும் இன்னும் மெல்லிய நூலில். இரண்டு நுனியையும் சீவி, துடைத்து, கருவிக்குள் வைத்தால் ஒரு சின்னத் தீப்பொறி. திரையில் இரண்டு கோடு ஒரே கோடாகும். ஒட்டிய அண்ணன் பத்தாவது வரைதான் படித்தவர். அவர் கை நடுங்கி நான் பார்த்ததில்லை.

தேர்வு முடிவை இணையத்தில் போட ஆரம்பித்த முதல் இரண்டு தடவையும் சர்வர் படுத்துவிட்டது. ஒவ்வொரு பதிவெண்ணுக்கும் தரவுத்தளத்தில் தேடி எடுத்துக் கொடுத்தால், ஒரே நிமிஷத்தில் ஆயிரக்கணக்கானோர் வரும்போது தாங்காது. மூன்றாவது முறை, ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு சிறு பக்கத்தை முந்தைய இரவே உருவாக்கி வைத்தேன். பதிவெண்ணைத் தட்டினால் தயாராக இருக்கும் பக்கத்தை எடுத்து நீட்டுவது மட்டும்தான் சர்வரின் வேலை. அதே பழைய இயந்திரம், அசையாமல் நின்றது. சீனியர் சார் என் மேசைக்கு வந்து, "நல்லா யோசிச்சம்மா" என்றார். அவர் பாராட்டி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

2006 ஜூனில் இளநிலை முடிவு வெளியாக வேண்டிய வாரத்தில் சீனியர் சாருக்கு மாரடைப்பு வந்தது.

முடிவுத் தயாரிப்பின் கடைசிப் படி அவர் கையில் இருந்தது. கருணை மதிப்பெண் பற்றித் தேர்வுக் குழு எடுத்த முடிவைப் பாடம் பாடமாக நுழைக்கும் நிரல் அவருடைய கணினியில் இருந்தது. அந்தக் கணினியை ஒற்றைப் பயனர் முறையில் திறந்து பாஸ்வேர்டை மாற்றிவிட்டோம், அது ஒரு மணி நேர வேலை. ஆனால் உள்ளே போனால் ஒரே நிரலுக்கு ஏழு பிரதிகள் இருந்தன. எது கடைசி, எதை எந்த வரிசையில் ஓட்ட வேண்டும் என்று ஒரு வரிகூட எழுதி வைத்திருக்கவில்லை. தேர்வாணையர், "ஆஸ்பத்திரிக்குப் போய் ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துரும்மா" என்றார். அவரையும் குறை சொல்ல முடியாது. முதுநிலைச் சேர்க்கைக்குக் கடைசித் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. நாற்பதாயிரம் பிள்ளைகள் காத்திருந்தார்கள்.

தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே நீளமான பெஞ்சு. சாருடைய மனைவி ஒயர்க் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கூடையில் ஒரு பிளாஸ்க், மடித்த துண்டு, சாருடைய கண்ணாடிக் கூடு. என்னைப் பார்த்ததும் எழுந்து கையைப் பிடித்துக்கொண்டார். "நேத்து ராத்திரி பூரா ஏதோ நம்பர் சொல்லிக்கிட்டே கெடந்தாரும்மா. ஆபீஸ் விஷயம்னு நினைக்கிறேன். எனக்கு ஒண்ணும் வெளங்கல. எழுதி வைக்காமப் போயிட்டேன்" என்றார். மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னார். நான் எதையும் கேட்கவில்லை. கால் மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பினேன்.

முடிவு நான்கு நாள் தாமதமாக வந்தது. ஏழு பிரதிகளையும் பழைய பருவத்தின் மதிப்பெண்ணில் ஓட்டி, வெளியான முடிவோடு ஒப்பிட்டுச் சரியானதைக் கண்டுபிடித்தோம். நான்கு நாளில் எத்தனை பேருக்கு எந்தக் கல்லூரியில் இடம் தவறியது என்ற கணக்கு எங்களிடம் இல்லை. சார் பிழைத்துக்கொண்டார். வேலைக்குத் திரும்பவில்லை.

அதற்குப் பிறகு எல்லாவற்றையும் எழுதி வைத்திருப்பேன் என்று நினைப்பீர்கள். இல்லை. எனக்கு 2008இல் பணி நிரந்தரமானது, சிஸ்டம் அனலிஸ்ட் ஆனேன். மெல்ல மெல்ல நானே அவராகிக்கொண்டிருந்தேன். "மேடத்தைக் கேளு" என்று வளாகம் முழுக்கச் சொன்னார்கள். ராத்திரி பதினொரு மணிக்குப் போன் வந்தால் எனக்குக் கோபம் வராது, ஒரு நிறைவுதான் வரும். 2010இல் மத்திய அமைச்சரவை 5,990 கோடி ரூபாயில் தேசிய அறிவு வலையமைப்புக்கு ஒப்புதல் கொடுத்தது. அதன் தொடர்ச்சியாக எங்களுக்கும் ஒரு கிகாபிட் இணைப்பு வந்தது. வளாக வலைக்கு நடுநாயகமான கோர் சுவிட்ச், ஃபயர்வால், ஹாஸ்டல் வைஃபை என்று ஒவ்வொன்றாக அமைத்தேன். ஒவ்வொன்றின் சூட்சுமமும் என் தலைக்குள் இருந்தது. சொல்லிக் கொடுக்க நேரமில்லை என்று சொல்லிக்கொண்டேன். நேரம் இருந்தது. மனம் வரவில்லை.

2014இல் அம்மா இறந்தார்கள். மூன்றாம் நாள், ஊரில் வீட்டுக்குப் பின்னால் கிணற்றடியில் நின்று மையத்தில் வேலை பார்க்கும் ஒரு தம்பிக்குப் போனில் கட்டளைகளைச் சொல்லிக்கொண்டிருந்தேன். 'ஸ்லாஷ்', 'வார்', மறுபடி 'ஸ்லாஷ்' என்று எழுத்து எழுத்தாக. அரை மணி நேரம். முடித்துவிட்டுத் திரும்பினால் பெரியம்மா நிலைப்படியில் நிற்கிறார். "அந்தப் புள்ளைக்கு இதைச் சொல்லிக் குடுத்து வச்சிருக்கலாமேடி" என்றார். அதில் வருத்தம் மட்டும்தான் இருந்தது. எனக்கு அந்த ஆஸ்பத்திரிப் பெஞ்சும் ஒயர்க் கூடையும் ஞாபகம் வந்தன. எட்டு வருஷமாக அதை மறந்தே போயிருந்தேன்.

ஊரிலிருந்து வந்ததும் செய்த முதல் வேலை, முடிவு வெளியீட்டின் 31 படிகளையும் தமிழில் எழுதியது. எழுதியதை வைத்துக்கொண்டு வேறொருவர் செய்ய வேண்டும், நான் பக்கத்தில் வாய் திறக்காமல் உட்கார வேண்டும். முதல் தடவை ஆறாவது படியிலேயே நின்றுவிட்டது. எனக்குப் பழக்கத்தால் தெரிந்த ஒன்றை எழுத மறந்திருந்தேன். மூன்று பருவம் கழிந்துதான் அந்தத் தாள் தன் காலில் நின்றது. பேக்கப்பும் அப்படித்தான். எடுத்து வைத்தால் மட்டும் போதாது, வருஷத்துக்கு இரண்டு தடவை காலியான கணினியில் அதை மீட்டுப் பார்க்க வேண்டும். முதல் முறை பார்த்தபோது எட்டு மாதமாக எடுத்த பேக்கப்பில் படங்கள் இருந்த அடைவே இல்லை.

2016இல் எனக்குப் பொறுப்பு கொடுத்தார்கள். இந்த இடத்தில் அக்கா மகனுக்கு ஒளிக்காமல் சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. நம் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் கணினி மையத்தின் இயக்குநர் நாற்காலி கணினி அறிவியல் பேராசிரியருக்குத்தான் போகும், பெரும்பாலும் கூடுதல் பொறுப்பாக. அவர் பாடம் நடத்துவார், ஆய்வு வழிகாட்டுவார், மாலையில் வந்து கோப்பில் கையெழுத்திடுவார். இருபது வருஷம் சர்வரோடு கிடந்த ஆளுக்கு அந்த ஏணியில் படி கிடையாது. நல்ல இயக்குநர்களிடம் நான் வேலை பார்த்திருக்கிறேன். ஆனாலும் இந்த ஏற்பாடு தவறு. நூலகத்துக்கு நூலகத் துறைக்காரர் தலைவராக இருப்பதை எல்லோரும் இயல்பாக ஏற்கிறோம், கணினி மையத்துக்கு மட்டும் ஏன் வேறு கணக்கு என்று ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்கிறேன். எனக்கு இந்த இடம் வந்ததற்குக் காரணம், அந்த வருஷம் பேராசிரியர் யாரும் பொறுப்பேற்க முன்வரவில்லை. பகுதிநேரமாக முனைவர் பட்டம் முடித்திருந்தேன். 'பொறுப்பு இயக்குநர்' என்ற பலகை மாட்டினார்கள். 'பொறுப்பு' என்ற சொல் இன்றைக்கும் அந்தப் பலகையில் இருக்கிறது.

பொறுப்பேற்றதும் அனுப்பிய முதல் பெரிய கோப்பு கோர் சுவிட்ச் வாங்க. எனக்குத் தெரிந்த மொழியில் எழுதினேன். எத்தனை போர்ட், எத்தனை கிகாபிட், எந்த நெறிமுறை என்று இரண்டு பக்கம். பத்து நாளில் திரும்பி வந்தது. நிதி அலுவலர் பச்சை மையில் ஒரு வரி எழுதியிருந்தார்: 'இப்போதுள்ளது இயங்கும் நிலையில், அவசியம் என்ன?' எனக்குக் கோபம் வந்தது. இவருக்கு என்ன தெரியும் என்று தோன்றியது. தேர்வுப் பிரிவில் ஒரு கண்காணிப்பாளர் மேடம் இருந்தார், ஓய்வு பெற மூன்று மாதம். கோப்பை வாங்கிப் படித்துவிட்டு, "நீங்க பெட்டியைப் பத்தி எழுதியிருக்கீங்க மேடம். அவருக்கு வேண்டியது பெட்டி நின்னா என்ன நிக்கும்கிறது" என்றார். உட்கார்ந்து திருப்பி எழுத உதவியும் செய்தார். புதுக் குறிப்பு முக்கால் பக்கம். இந்தச் சாதனம் நின்றால் கட்டணக் கவுன்ட்டர் நிற்கும், விடைத்தாள் மதிப்பெண் பதிவு நிற்கும், விடுதி வருகைப் பதிவு நிற்கும். வாங்கிய வருஷம் இது. உற்பத்தி செய்த நிறுவனம் உதிரி பாகத்தை நிறுத்திவிட்டது. கடந்த ஆண்டு இரண்டு முறை நின்றது, இத்தனை மணி நேரம். உத்தேசச் செலவு இவ்வளவு. 1998ஆம் ஆண்டு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டப்படி தொழில்நுட்பமும் விலையும் தனித்தனி உறையில் வரும் இரு உறை முறையில் வாங்கலாம். அதே நிதி அலுவலர் மூன்றாம் நாள் கையெழுத்திட்டார்.

அவர் கேட்டது சரியான கேள்வி என்று புரிய எனக்கு அந்த மூன்று நாள் தேவைப்பட்டது. உள்ளாட்சி நிதித் தணிக்கைக்காரர்கள் வந்து நின்றால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். பழைய யுபிஎஸ் பாட்டரிகள் இருப்புப் பதிவேட்டில் இருக்கும்வரை அறையில் இருந்தாக வேண்டும் என்பதும், கழிவு செய்ய தனிக் கோப்பு வேண்டும் என்பதும் அவருடைய பிடிவாதம் இல்லை, விதி. அந்தப் பக்கத்து மனிதர்களின் பயம் எது என்று அறிந்துகொண்ட பிறகுதான் என்னால் எதையும் வாங்க முடிந்தது. லினக்ஸ் கற்றுக்கொண்டதைவிட இது கடினமாக இருந்தது.

2020 பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். செப்டம்பரில் இறுதிப் பருவத் தேர்வு வீட்டிலிருந்து எழுதி ஸ்கேன் செய்து அனுப்பும் முறையில் நடந்தது. மொட்டை மாடியில் சிக்னல் தேடி நின்று விடைத்தாளை ஏற்றிய பிள்ளைகளுக்காகக் கோப்பின் அளவை எவ்வளவு குறைக்கலாம் என்று இரவெல்லாம் பார்த்தோம். அது மட்டும் போதும்.

பெயர் விஷயத்தைத்தான் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். யுஜிசி 2021இல் அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ் கொண்டுவந்தது. மாணவர் ஒவ்வொருவருக்கும் ஒரு கணக்கு, தேறிய பாடங்களுக்கான கிரெடிட் புள்ளிகள் அதில் சேரும். கணக்கு டிஜிலாக்கர் வழியாக ஆதார்ப் பெயரில் திறக்கும். எங்கள் பதிவில் உள்ள பெயரும் அதுவும் பொருந்த வேண்டும். ஏற்றிப் பார்த்தால் வரிசை வரிசையாகப் பொருந்தவில்லை. காரணம் நம் இனிஷியல். ஒரு பெண் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் எஸ். முத்துலட்சுமி. கல்லூரி விண்ணப்பத்தில் முத்துலட்சுமி எஸ். ஆதாரில் முத்துலட்சுமி சுப்பையா. வங்கிப் புத்தகத்தில் இடைவெளி இல்லாமல் எஸ்முத்துலட்சுமி. 'லட்சுமி'க்கு ஆங்கிலத்தில் நான்கு விதமான எழுத்துக்கூட்டு. குடும்பப் பெயர் என்ற கட்டம் கட்டாயமாக இருக்கும் மென்பொருளில் எங்கள் பிள்ளைகள் ஒரு புள்ளியை வைத்து நிரப்பியிருந்தார்கள். அது குடும்பப் பெயர் உள்ள ஊர்களை மனதில் வைத்துச் செய்த கட்டம்.

என் பிள்ளைகள், அதாவது மையத்தில் வேலை பார்க்கும் தம்பி தங்கைகள், இரண்டு வாரத்தில் ஒரு நிரல் எழுதிவிட்டார்கள். இனிஷியலைப் பிரித்து, எழுத்துக்கூட்டைச் சமன் செய்து, பிறந்த தேதியோடு ஒப்பிடும். பெரும்பகுதி சரியானது. மிச்சத்துக்கு நிரல் போதாது, ஒரு முடிவு வேண்டும்: எந்தப் பெயர் இந்த மாணவியின் பெயர்? சேர்க்கைப் பிரிவு விண்ணப்பத்தைச் சொன்னது, தேர்வுப் பிரிவு நுழைவுச்சீட்டைச் சொன்னது, கல்லூரிகள் ஆதாரைச் சொன்னன. மூன்று தரப்பையும் ஒரே மேசையில் உட்கார வைக்க எனக்கு ஐந்து கூட்டம் ஆனது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடி என்று முடிவாகி, ஆட்சிக்குழுவில் வைத்து, சுற்றறிக்கை போட்டோம். அந்தச் சுற்றறிக்கையில் ஒரு வரி தொழில்நுட்பம்கூட இல்லை. நான் இந்த வேலையில் செய்ததிலேயே பயனுள்ளது அதுதான் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று எங்கள் மேல் விழ வேண்டிய பழி. முடிவு பார்க்கப் பதிவெண்ணும் பிறந்த தேதியும் கேட்போம். அதே தளத்தில் உதவித்தொகைப் பட்டியல் ஒன்று பல வருஷமாக பிடிஎஃப்பாகக் கிடந்தது. அதில் பதிவெண், பிறந்த தேதி, கைபேசி எண் எல்லாம் வரிசையாக இருந்தன. யார் வேண்டுமானாலும் எந்தப் பெண்ணின் எண்ணையும் எடுத்திருக்கலாம். ஒரு மாணவியே வந்து காட்டினாள். மூன்று நாளில் அப்படிப்பட்ட எல்லாப் பட்டியலையும் தேடி எடுத்துவிட்டோம். 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்ததும் அந்த மாணவியின் முகம்தான் நினைவுக்கு வந்தது. 2022 ஏப்ரலில் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் போட்ட உத்தரவையும் எங்கள் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறோம். ஊடுருவல் நடந்தால் ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், கணினிகளின் இயக்கப் பதிவுகளை (லாக்) 180 நாள் வைத்திருக்க வேண்டும். ஆறு மணி நேரத்தில் தெரிவிக்க வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை இரவு யார் போனை எடுப்பது என்பது முன்கூட்டியே எழுதியிருக்க வேண்டும்.

உறை எப்போது வந்தது என்று இன்னும் சொல்லவில்லை. 2017இல் ஒரு காலை எங்கள் தளம் திறக்கவில்லை. கல்வி நிலையங்களுக்கான 'ஏசி டாட் இன்' முகவரிகளை எர்நெட்தான் பதிவு செய்கிறது, காலக்கெடுவில் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்கச் சொல்லி வந்த நினைவூட்டல்கள் எல்லாம் எங்கள் பதிவில் இருந்த பழைய மின்னஞ்சலுக்குப் போயிருந்தன. 2006இல் வீட்டுக்குப் போன சீனியர் சாருடைய மின்னஞ்சல். பதினொரு வருஷமாக நாங்கள் யாரும் அதை மாற்றவில்லை. கட்டணம் கட்டித் தளத்தை மீட்ட மாலையில் பதிவாளரிடம் போய் இரும்புப் பெட்டகத்தில் ஒரு இடம் கேட்டேன். தனி ஆளின் மின்னஞ்சல் எதிலும் இருக்கக் கூடாது, பதவியின் மின்னஞ்சல்தான் இருக்க வேண்டும் என்ற விதியும் அன்றைக்கே போட்டோம்.

இப்போது மையத்தில் ஒன்பது பேர். ஐந்து பேர் தொகுப்பூதியத்தில். நான் 2001இல் வாங்கிய ஆணையின் அதே வாசகம் அவர்கள் ஆணையிலும் இருக்கிறது. இரண்டு வருஷத்தில் நன்றாகத் தேர்ந்து, பெங்களூருக்கோ சென்னைக்கோ போய்விடுகிறார்கள். போகிறவர்களை நான் தடுப்பதில்லை, பரிந்துரைக் கடிதம் எழுதிக் கொடுக்கிறேன். பட்டமளிப்பு விழாப் பணி ஆணையில் அவர்கள் பெயரும் வர வேண்டும், பயிற்சிக்கு அனுப்பினால் பயணப்படி கிடைக்க வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் கோப்பு போட்டு வாங்கியிருக்கிறேன். ஆனால் வேண்டியது நிரந்தரப் பணியிடம். தரவுத்தளத்துக்கு ஒன்று, வலையமைப்புப் பாதுகாப்புக்கு ஒன்று. இரண்டே இரண்டு.

அக்கா மகனுக்கு என் பதில் இதுதான். வா. சம்பளம் குறைவு, ஏணியில் படி கம்மி, கோப்பு மெதுவாக நகரும். ஆனால் நீ செய்கிற ஒவ்வொன்றும் ஒரு பிள்ளையின் கையில் காகிதமாகப் போய்ச் சேரும், அதை நீ கண்ணால் பார்க்கலாம். கம்பெனியில் இரண்டு வருஷத்தில் நீ பார்க்காத வகை மனிதர்களை இங்கே ஒரே நாளில் பார்ப்பாய். சேரும்போதே ஆணையில் நிரந்தரமா, தொகுப்பூதியமா என்று பார்த்துக்கொள். முதல் நாளிலிருந்து எழுதி வை, தமிழிலேயே எழுது.

இந்த ஜூலை உறையில் என் கையெழுத்து இல்லை. வலையமைப்பைப் பார்க்கும் தங்கையும் சர்வரைப் பார்க்கும் தம்பியும் போட்டார்கள். போன பருவத்து முடிவு இரவு 9.10க்கு வெளியானது. 9.25க்குத் தங்கை போன் செய்து, "போட்டாச்சு மேடம், சாப்பிட்டீங்களா?" என்றாள். எந்த சர்வரிலிருந்து போட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

அந்த இரண்டு பணியிடங்களுக்கான கோப்பு நேற்று மூன்றாவது முறையாகத் திரும்பி வந்திருக்கிறது. இப்போது இருப்பவர் வேறு நிதி அலுவலர். மை நீலம். 'கணினி மையப் பணிகள் தடையின்றி நடைபெற்றுவரும் நிலையில், கூடுதல் பணியிடங்களின் தேவை குறித்து விளக்கம் தேவை.' நாளைக் காலை பதில் குறிப்பு எழுத வேண்டும். முதல் வரியை இன்றைக்கே யோசித்துவிட்டேன். '2006 ஜூன் மாதம் இளநிலைத் தேர்வு முடிவு நான்கு நாள் தாமதமானது.'